கடிகாரமும் கையும்: நாமே கட்டும் சீக்வென்சரின் உள்ளியக்கம்

சீக்வென்சர் தானே ஒலி எழுப்பும் கருவி அன்று. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்க வேண்டும் என்பதை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டளைகளைக் காலம் தவறாமல் ஒரு சின்தசைசருக்கோ ட்ரம் மெஷினுக்கோ அனுப்புவதே அதன் வேலை. கணினியில் ஓடும் இசை மென்பொருள்களில் இந்த வசதி எப்போதோ வந்துவிட்டது. இருந்தும் பொத்தான்களும் குமிழ்களும் விளக்குகளும் கொண்ட தனிப் பெட்டியாக அதைத் தம் கையாலேயே கட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் குறையவில்லை. இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமல், விரல்நுனியால் மாற்றிக்கொண்டே போக முடியும் என்பதுதான் அதற்குக் காரணம்.

கட்டுமானத்தின் சிக்கல்களில் பெரும்பாலானவை பிறப்பதும் இந்த விருப்பத்திலிருந்துதான். சீக்வென்சருக்குள் கடிகாரம், கை என்று இரண்டு அதிகாரங்கள் உள்ளன. கடிகாரம் யாருக்காகவும் காத்திருக்காது. கையோ தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய இடத்தில் குறுக்கிடும். ஒன்று மற்றொன்றைத் தாமதப்படுத்தாமல் இரண்டுக்கும் இடமளிப்பதே வடிவமைப்பின் மையக் கேள்வி என்று நான் கருதுகிறேன். எந்த ஐசியை வாங்குவது, எந்த மொழியில் நிரல் எழுதுவது என்பவையெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இதைப் புரிந்துகொள்ள மிக எளிய சீக்வென்சரிலிருந்து தொடங்குவது நல்லது. 555 டைமர் ஒன்றும் சிடி4017 என்ற எண்ணி ஐசி ஒன்றும் அதற்குப் போதும். டைமர் ஒரே சீராகத் துடிப்புகளைத் தருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் 4017 தன் பத்து வெளியீடுகளில் ஒன்றை அணைத்து அடுத்ததற்கு மின்னழுத்தம் தருகிறது. ஒன்பதாவது வெளியீட்டை ரீசெட் காலுடன் இணைத்துவிட்டால், எட்டு முடிந்ததும் எண்ணிக்கை மீண்டும் முதலுக்குத் திரும்பும். எட்டு வெளியீடுகளிலும், குமிழால் திருப்பும் மாறும் மின்தடையான பொட்டென்ஷியோமீட்டரை ஒவ்வொன்றாக வைத்து, அவற்றின் நடுக்கால்களை, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் வழியாக ஒரே கம்பியில் சேர்த்தால், குமிழ்களின் நிலைக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்த வரிசை கிடைக்கும். அந்த மின்னழுத்தத்தை, ஒலி அலையை எழுப்பும் ஓர் ஆஸிலேட்டருக்குக் கொடுத்தால் எட்டுச் சுரங்கள் சுழன்று சுழன்று ஒலிக்கும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்ற வேகத்தில், ஒரு தட்டை நான்காகப் பிரித்த கால் தட்டுக்கு ஒரு சுரம் வேண்டுமானால், டைமர் நொடிக்கு 8 முறை துடித்தால் போதும்.

இந்தச் சுற்றின் பெரிய சிறப்பு வெளிப்படையாகத் தெரிவதில்லை. இதில் எந்தக் குமிழை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் டைமர் ஒரு நுண்நொடிகூடப் பிந்தாது. குமிழைத் திருப்பும் கைக்கும் துடிப்பை எழுப்பும் டைமருக்கும் இடையே எந்தப் பாதையும் இல்லை; இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் அந்தப் பொட்டென்ஷியோமீட்டர்தான். எளிய சுற்று இலவசமாகத் தரும் இந்தப் பண்பை, நிரலால் இயங்கும் ஒற்றைச் சில்லுக் கணினியான மைக்ரோகண்ட்ரோலருக்கு மாறியதும் நாம் உழைத்துத்தான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

ஆனால் சுருதி விஷயத்தில் இந்தச் சுற்று கைகொடுக்காது. தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சின்தசைசர்களில் பரவலாக உள்ள வழக்கப்படி 1 வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் அரைச்சுரம் ஒன்றுக்கு 83.3 மில்லிவோல்ட். சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 300 பாகை சுழலும். அதன் இரு முனைகளுக்கும் இடையே 5 வோல்ட் இருந்தால் ஓர் அரைச்சுரத்துக்குக் கிடைப்பது 5 பாகை மட்டுமே. அரைச்சுரத்தின் இருபதில் ஒரு பங்கு பிசகாமல் சுருதி சேர்க்க வேண்டுமென்றால் குமிழைக் கால் பாகை நுட்பத்தில் நிறுத்த வேண்டும். விரல்களால் அது இயலாது. குமிழின் எல்லையை 2 வோல்ட்டாகச் சுருக்கினால் அரைச்சுரத்துக்கு 12.5 பாகை கிடைக்கிறது. அது ஓரளவு கையாளத்தக்கது. இதைவிடக் கண்ணுக்குப் புலப்படாத தொல்லை டயோடுகளிலிருந்து வருகிறது. சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டை விழுங்கிக்கொள்வது மட்டுமல்லாமல், விழுங்கும் அளவும் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. சுருதிக் கணக்கில் அது அரைச்சுரத்தின் நாற்பதில் ஒரு பங்கு. அறை பத்துப் பாகை சூடேறினால் கால் அரைச்சுரம். ஆகவே சுருதி செல்லும் பாதையில் டயோடுகளைத் தவிர்த்து பல உள்ளீடுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து இணைக்கும் சிடி4051 போன்ற மல்டிபிளெக்சரைப் பயன்படுத்துவதும், சுரத்தைத் தொடங்கி முடிக்கும் கேட் சமிக்ஞைக்கு மட்டும் டயோடுகளை வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

வணிகக் கருவிகளின் வரலாற்றிலும் கையின் பிரச்சினைதான் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. மூக் நிறுவனத்தின் 960 மாடலில் மூன்று வரிசைகளில் எட்டெட்டுக் குமிழ்கள்: ஒவ்வொரு படிக்கும் தனிக் குமிழ், கண்ணெதிரே முழு மெட்டும். 1977இல் வந்த ரோலண்ட் எம்சி-8 நுண்செயலியால் இயங்கியது. ஆயிரக்கணக்கான சுரங்களை நினைவில் வைக்கும் அக்கருவியில் குமிழ் வரிசைக்கு வழியில்லை என்பதால், சுரங்களை எண் விசைகளால் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 1980இல் வந்த டிஆர்-808 இடைவழி ஒன்றைக் கண்டது. 16 பொத்தான்கள் ஒரு வரியில். எந்த ட்ரம் ஒலியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த ஒலியின் 16 படிகளை அந்தப் பொத்தான்கள் காட்டும். அதாவது ஒரே பொத்தான் வரிசை பல தடங்களுக்குப் பொதுவாகிறது. வீட்டில் கட்டப்படும் சீக்வென்சர்களில் பெரும்பாலானவை இன்றும் இந்த மூன்றாவது வடிவத்தின் வழித்தோன்றல்களே. 16 பொத்தான், 16 எல்இடி, நான்கைந்து குமிழ், ஒரு சிறு திரை என்பது கைக்கும் நினைவகத்துக்கும் இடையே நல்ல சமரசம்.

இப்படிப்பட்ட ஒன்றை மைக்ரோகண்ட்ரோலரில் கட்டத் தொடங்குபவர் முதலில் எழுதும் நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும்: ஒரு சுரத்தை அனுப்பு, 125 மில்லிநொடி காத்திரு, பொத்தான்களைப் படி, திரையை வரை, மீண்டும் முதலிலிருந்து. மேசையின் மேல் தனியாக வைத்துக் கேட்டால் அது சரியாகவே ஒலிப்பதாகத் தோன்றும். இன்னொரு ட்ரம் மெஷினுடன் சேர்த்து ஓடவிட்ட சில நொடிகளிலேயே விலகல் கேட்கத் தொடங்கும். காத்திருக்கும் 125 மில்லிநொடியோடு, பொத்தான் படித்த நேரமும் திரை வரைந்த நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போவதுதான் காரணம். நேரத்தைப் பார்த்து இயங்கும்படி மாற்றி எழுதினாலும், அடுத்த படியின் நேரத்தை ‘இப்போதைய நேரம் கூட்டல் இடைவெளி’ என்று கணக்கிட்டால் பிழை சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ‘முந்தைய படிக்குக் குறித்த நேரம் கூட்டல் இடைவெளி’ என்று கணக்கிட்டால், ஒரு படி சற்றுப் பிந்தினாலும் அடுத்தது தன் இடத்தில் வந்து விழும். ஒரே வரி மாற்றம்தான். ஆயினும் தொடக்க நிலையில் இதைப்போல் பலன் தரும் திருத்தம் வேறில்லை.

அடுத்தது பின்னங்களின் கணக்கு. இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பப் பயன்படும் பொது நெறிமுறையான மிடியின் வழக்கத்தில் ஒரு தட்டுக்கு 24 கடிகாரத் துடிப்புகள். நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்றால் இரு துடிப்புகளுக்கு இடையே 20.833 மில்லிநொடி. இதை முழு மில்லிநொடிகளில் எண்ணி 20 என்று வைத்தால் வேகம் 125 ஆகிவிடும். 21 என்று வைத்தால் 119.05. திரையில் 120 என்று எழுதியிருக்கும், காதுக்கு வருவது வேறொன்றாக இருக்கும். நுண்நொடிகளில் எண்ணி 20,833 என்று வைத்தால் மீதி மூன்றில் ஒரு நுண்நொடி மட்டுமே. ஒரு மணி நேரத்தில் வரும் 1,72,800 துடிப்புகளில் அது சேர்ந்து சுமார் 58 மில்லிநொடியாகும். அந்த மீதியையும் தூக்கி எறியாமல் அடுத்த துடிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால் கணக்குப் பிழை முற்றிலும் நீங்கிவிடும். அதன்பின் எஞ்சுவது, மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் நேரத்தை அளக்கும் ஆஸிலேட்டரின் துல்லியம் மட்டுமே. அங்கே செராமிக் ரெசனேட்டரைவிடக் குவார்ட்ஸ் படிகம் பல மடங்கு நம்பகமானது.

திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைச் சுமையாக எண்ணுவதில்லை. 128க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு ஓஎல்இடி திரைக்கு ஒரு முழுப் படம் 1,024 பைட். ஐ-ஸ்கொயர்-சி இணைப்பில் நொடிக்கு 4,00,000 பிட் வேகத்தில், ஒரு பைட்டுக்கு ஒப்புதல் பிட்டையும் சேர்த்து 9 பிட் என்று வைத்தால், படத்தை அனுப்ப ஏறத்தாழ 23 மில்லிநொடி ஆகும். 120 வேகத்தில் ஒரு கடிகாரத் துடிப்பின் இடைவெளியே 20.8 மில்லிநொடிதான். ஆக, திரையை ஒருமுறை புதுப்பிக்கும் நேரத்துக்குள் ஒரு துடிப்பு முழுவதுமாக நழுவிப்போக இடமிருக்கிறது. குமிழைத் திருப்பும்போதெல்லாம் தாளம் தடுமாறுகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் குமிழிடம் இருப்பதில்லை. குமிழின் எண்ணைக் காட்டப் போகும் திரையிடம் இருக்கிறது.

இதற்கான தீர்வு, கடிகாரத்தை டைமர் இன்டரப்ட்டிடம் ஒப்படைப்பது. முதன்மைச் சுழல் என்ன செய்துகொண்டிருந்தாலும் வன்பொருள் டைமர் குறித்த கணத்தில் அதை நிறுத்தி, ஒரு சிறு நிரல்துண்டை ஓட்டிவிட்டு, விட்ட இடத்தில் மீண்டும் தொடரவிடும். அந்தத் துண்டு மிகச் சிறியதாக இருக்க வேண்டும்: துடிப்பை எண்ணுவது, இப்போது தொடங்க வேண்டியதும் முடிய வேண்டியதுமான சுரங்கள் எவை என்று பார்ப்பது, அவற்றுக்கான பைட்டுகளை வெளியேறும் வரிசையில் வைப்பது, அவ்வளவே. பொத்தான், திரை, சேமிப்பு எல்லாம் முதன்மைச் சுழலின் பொறுப்பு. இரு பக்கமும் பேசிக்கொள்வது நினைவகத்தின் வழியாக மட்டுமே. 4017 சுற்றில் பொட்டென்ஷியோமீட்டர் வகித்த இடத்தை இங்கே நினைவகம் வகிக்கிறது.

ஆனால் நினைவகம் பொட்டென்ஷியோமீட்டரைப்போல் எப்போதும் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் உள்ள ஏடிமெகா328பி ஒரு 8 பிட் செயலி. 16 பிட் எண்ணை அது இரண்டு தவணைகளில்தான் எழுதும். டெம்போவுக்கான, அதாவது இசையின் வேகத்துக்கான, இடைவெளி எண்ணின் பாதியை முதன்மைச் சுழல் எழுதி முடித்த அந்த இடைவெளியில் இன்டரப்ட் குறுக்கிட்டால், பழைய எண்ணில் பாதியும் புதிய எண்ணில் பாதியுமாக ஒட்டிய ஒரு பொருளற்ற இடைவெளியைக் கடிகாரம் படிக்கும். அரிதாகவே நடப்பதால் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். எழுதும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் இன்டரப்ட்டைத் தடுத்து வைப்பது போதுமான பரிகாரம். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ பலகையில் இரண்டு செயலிக் கருக்கள் இருப்பதால், ஒன்றைக் கடிகாரத்துக்கும் மற்றதைக் கைக்கும் ஒதுக்கலாம். எண்ணத்துக்கு அழகான ஏற்பாடுதான். ஆயினும் ஒழுங்காக எழுதினால் 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவே ஒரு சீக்வென்சருக்குத் தாராளம் என்பது என் அனுபவம்.

வெளியே செல்லும் வழியிலும் காலக் கணக்கு இருக்கிறது. 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி, நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் இயங்குகிறது. 16 மெகாஹெர்ட்ஸை 512ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் கிடைக்கும் எண் இது என்பதால் ஊனோவுக்கு இந்த வேகம் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். அதாவது 320 நுண்நொடி. சுரத் தொடக்கச் செய்தி மூன்று பைட் என்பதால் கிட்டத்தட்ட ஒரு மில்லிநொடி. எட்டுத் தடங்களும் ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் கடைசிச் சுரம் சென்று சேர்வதற்குள் 7.68 மில்லிநொடி ஆகிவிடும். எல்லாம் ஒரே சேனலில், அதாவது மிடியின் ஒரே முகவரியில், செல்பவையானால் முதல் பைட்டை மீண்டும் மீண்டும் அனுப்பாமல் விடலாம். அப்போது அது 5.44 மில்லிநொடியாகக் குறையும். எப்படியானாலும் ஏதோ ஒன்று கடைசியில்தான் போக வேண்டும். எனவே கிக், ஸ்நேர் போன்ற கூர்மையான ஒலிகளை முன்னால் அனுப்பி, மெதுவாக மலரும் ஒலிகளைப் பின்னால் வைப்பது நல்லது. நிரலில் தடங்களைப் பரிசீலிக்கும் வரிசையை மாற்றினாலே இது கிடைத்துவிடும். மிடியை வடிவமைத்தவர்கள் கடிகாரத்துக்குக் கொடுத்த முன்னுரிமை இங்கே பாராட்டத்தக்கது: 248 என்ற கடிகாரப் பைட், இன்னொரு செய்தியின் நடுவில்கூட நுழைந்து செல்லலாம் என்று விதி இருக்கிறது. நாம் எழுதும் வெளியேறும் வரிசையும் அதற்கு அந்த முன்னிடத்தைத் தர வேண்டும். நாம் பெறும் பக்கமும், சுரச் செய்தியின் இரண்டாம் பைட்டுக்குப் பதிலாக 248 வந்தால் குழம்பாமல் இருக்க வேண்டும்.

மின்னியல் பக்கம் மிடி மிக எளிது. 5 வோல்ட் பலகையில் இரண்டு 220 ஓம் மின்தடைகளும் ஐந்துமுனை டின் சாக்கெட்டும் போதும், 3.3 வோல்ட் பலகையில் அந்த மின்தடைகள் 33 ஓம், 10 ஓம் என மாறும். பெறும் முனையில் 6என்138 போன்ற ஆப்டோ ஐசோலேட்டர் கட்டாயம். ஒளியின் வழியாகச் செய்தி கடப்பதால் இரு கருவிகளின் மின்சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கிரவுண்டுகள் இணைவதால் வரும் ரீங்காரம் ஒலிக்குள் நுழையாது.

பொத்தான்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 16 பொத்தான்களை இரண்டு 74எச்சி165 ஐசிகள் படித்துவிடும், 16 எல்இடிகளை இரண்டு 74எச்சி595 ஐசிகள் எரித்துவிடும். பொத்தானை அழுத்தும்போது அதன் உலோகத் தொடுமுனைகள் சில மில்லிநொடிகள் துள்ளி, ஒரே அழுத்தலைப் பலவாகக் காட்டும் என்பதால், மில்லிநொடிக்கு ஒருமுறை படித்து ஐந்தாறு முறை தொடர்ந்து ஒரே விடை வந்தால் மட்டும் ஏற்பது வழக்கம். முடிவின்றிச் சுழலும் ரோட்டரி என்கோடரையும் அதே மில்லிநொடிக் கணக்கில் படிக்க வேண்டும்; திரை வரையும் சுழலுக்குள் வைத்துப் படித்தால், வேகமாகத் திருப்பும்போது சில அடிகளை அது விழுங்கிவிடும்.

இதுவரை சொன்னது கடிகாரத்தைக் கையிடமிருந்து காப்பது பற்றி. கையின் கட்டளை எப்போது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது இதற்கு இணையான, இன்னும் சுவையான கேள்வி. ‘உடனே’ என்பது எல்லாவற்றுக்கும் சரியான விடையாகாது. ஒரு படியை இயக்குவதும் அணைப்பதும் உடனே நடக்கலாம். அந்தப் படி வரும்போது அது ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. டெம்போ மாற்றம் அடுத்த துடிப்பிலிருந்து வந்தால் போதும். ஆனால் ஒரு பேட்டர்னிலிருந்து, அதாவது சேமித்து வைத்த ஒரு படி வரிசையிலிருந்து, இன்னொன்றுக்கு மாறுவது, ஓடிக்கொண்டிருக்கும் சுற்று முடிந்த பிறகே நடக்க வேண்டும். வாசிப்பவர் மாற்றத்தின் கணத்தில் பொத்தானை அழுத்துவதில்லை, அதற்குச் சற்று முன்பே தயாராக அழுத்திவிடுகிறார். கருவி அந்தக் கட்டளையை வாங்கி வைத்துக்கொண்டு, காத்திருக்கிறேன் என்று விளக்கைச் சிமிட்டி, சுற்று திரும்பும் இடத்தில் நிறைவேற்றினால் அவர் கையும் மனமும் இலகுவாகும். விரல் தவறிய நேரத்தைத் தாளத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் இந்தக் காத்திருப்பு, நானறிந்தவரை, ஒரு பெட்டியை வாத்தியமாக உணரவைக்கும் முதல் அம்சம்.

ஒலித்துக்கொண்டே நின்றுவிடும் சுரமும் இந்தக் கேள்விக்குள் அடங்குவதே. ஒரு படியில் 60 என்ற சுரம் தொடங்கிவிட்டது; அது முடிவதற்குள் வாசிப்பவர் அந்தப் படியின் சுரத்தை 64க்கு மாற்றிவிடுகிறார். முடிக்கும் நேரம் வந்ததும் நிரல் நினைவகத்தைப் பார்த்து 64க்கு முடிவுச் செய்தி அனுப்புகிறது. 60 முடிவதே இல்லை. மின்சாரத்தை அணைக்கும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே முடிவுச் செய்தியைப் பேட்டர்னிலிருந்து எடுக்கக் கூடாது. உண்மையில் எதைத் தொடங்கினோம் என்று ஒவ்வொரு தடத்துக்கும் தனியாகக் குறித்து வைத்து, அதிலிருந்தே எடுக்க வேண்டும். கருவியை நிறுத்தும்போதும், தடத்தை மௌனமாக்கும்போதும், சேனலை மாற்றும்போதும் அந்தக் குறிப்பைப் பார்த்து மிச்சமிருப்பவற்றை முடித்துவிட வேண்டும். எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் 123ஆம் கட்டுப்பாட்டுச் செய்தி மிடியில் உண்டு. எல்லாக் கருவிகளும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

குமிழ்களிலும் இதுபோன்ற சிக்கல் இருக்கிறது. ஒரே குமிழ் பல தடங்களுக்குப் பொதுவானால், தடத்தை மாற்றியதும் குமிழின் நிலையும் நினைவகத்தில் உள்ள எண்ணும் வேறுவேறாகிவிடும். முதல் தடத்தில் 100இல் விட்ட குமிழை, 20 என்று இருக்கும் இரண்டாம் தடத்தில் லேசாகத் தொட்டாலும் எண் 20இலிருந்து 101க்குத் தாவும். கச்சேரியின் நடுவே அது காதில் அறைவதுபோல் இருக்கும். குமிழ் பழைய எண்ணைக் கடந்து செல்லும்வரை அதைப் பொருட்படுத்தாமல் இருப்பது ஒரு வழி. இதில் தாவல் இல்லை. ஆனால் குமிழ் சற்று நேரம் செத்துக் கிடப்பதுபோல் தோன்றும். ரோட்டரி என்கோடரை வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் எண் இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பார்வையால் அறிய முடியாது, மீண்டும் திரையைத்தான் நாட வேண்டும். அடிக்கடி நீளமாக இழுத்துத் திருப்பப்படும் ஓரிரு அம்சங்களுக்குத் தனிக் குமிழும், மற்றவற்றுக்குப் பொது என்கோடரும் என்று பிரிப்பதே எனக்கு நிறைவளித்த ஏற்பாடு.

தடங்களின் நீளம் மாறும்போது நாம் எடுக்கும் முடிவு இசையையே மாற்றிவிடுகிறது. ஒரு தடம் 16 படி, இன்னொன்று 12 படி என்றால் இரண்டும் 48 படிகளுக்கு ஒருமுறை ஒன்றாகத் தொடங்கும். 5ம் 7ம் என்றால் 35க்கு ஒருமுறை. ஓடும்போதே ஒரு தடத்தின் நீளத்தை மாற்றினால் அது இப்போது எந்தப் படியில் இருக்க வேண்டும்? தொடக்கத்திலிருந்து கடந்த மொத்தப் படிகளின் எண்ணிக்கையை நீளத்தால் வகுத்து மீதியைப் படியாகக் கொண்டால், நீளம் மாறிய கணத்தில் படி வேறெங்கோ தாவும்; ஆனால் நீளத்தைப் பழையபடி வைத்ததும் எல்லாம் மீண்டும் ஒத்திசைந்துவிடும். ஒவ்வொரு தடமும் தன் படியைத் தானே எண்ணிக்கொண்டால் தாவல் இல்லை. ஆனால் ஒருமுறை விலகிய தடம் தானாகத் திரும்பி வராது, அதை மீட்க ஒரு தனிப் பொத்தான் தேவைப்படும். இரண்டும் நேர்மையான வடிவங்கள்தான். நான் முதலாவதை விரும்புகிறேன். பயமில்லாமல் நீளத்தோடு விளையாட அது இடம் தருகிறது.

குறைந்த கட்டுப்பாடுகளால் நிறையப் படிகளை ஆள்வதற்கும் வழிகள் உண்டு. அணுத்துகள் முடுக்கிகளின் காலக் கட்டுப்பாட்டுக்காக யோர்க்லுண்ட் வகுத்த ஒரு வழிமுறை, கொடுத்த எண்ணிக்கையிலான அடிகளைக் கொடுத்த எண்ணிக்கையிலான படிகளில் இயன்றவரை சீராகப் பரப்புகிறது. அது யூக்ளிடின் பழைய வகுத்தல் முறையோடு ஒத்திருப்பதையும், உலகின் பல தாள வடிவங்கள் அதிலிருந்து கிடைப்பதையும் கணினி அறிவியலாளர் காட்ஃப்ரீட் தூசான் 2005இல் எடுத்துக்காட்டினார். 8 படிகளில் 3 அடி என்றால் 3, 3, 2 என்று பிரியும் தாளம் வருகிறது. அடிகளுக்கு ஒரு குமிழ், படிகளுக்கு ஒரு குமிழ். 16 பொத்தான்களைத் தொடாமலேயே முழுத் தடமும் கைக்குள் வந்துவிடுகிறது.

பிற கருவியின் கடிகாரத்தைப் பின்பற்றும்போது அதிகாரம் வெளியே போய்விடுகிறது. நம் டைமர் ஓய்வெடுத்து, வரும் 248களை எண்ண வேண்டும். ஆறு துடிப்புக்கு ஒரு கால் தட்டு. தொடங்கு என்னும் 250 வந்தவுடனேயே முதல் படியை ஒலிப்பது பலரும் செய்யும் பிழை. விதிப்படி 250 என்பது தயாராகு என்ற அறிவிப்பு மட்டுமே; அதற்கு அடுத்து வரும் முதல் 248தான் முதல் படியின் கணம். இதில் பிசகினால் கருவி முழுப் பாட்டிலும் ஒரு துடிப்பு முன்னே நிற்கும். இரண்டாவது கால் தட்டைச் சற்றுப் பிந்தி ஒலிக்கும் ஸ்விங் என்னும் நடை அசைவுக்கும் இங்கே ஓர் எல்லை வருகிறது. இரண்டு கால் தட்டுகளுக்கு 12 துடிப்புகளே இருப்பதால், முதலாவதற்கு 6 கொடுத்தால் 50 சதவீதம், 7 கொடுத்தால் 58.3, 8 கொடுத்தால் 66.7, நடுவே வேறெதுவும் இல்லை. 54 சதவீதத்தின் மெல்லிய அசைவு வேண்டுமென்றால், கடைசித் துடிப்புகளின் இடைவெளியை அளந்து அவற்றின் இடையே நாமே நுண்துடிப்புகளை இட்டு நிரப்ப வேண்டும்.

சேமிப்பிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு படிக்கு நான்கு பைட், 16 படி, 8 தடம் என்றால் ஒரு பேட்டர்ன் 512 பைட். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஊனோவின் 1,024 பைட் ஈப்ரோமில் இரண்டு பேட்டர்ன்களே அடங்கும். ஒரு பைட் எழுத சுமார் 3.3 மில்லிநொடி ஆவதால் ஒரு பேட்டர்னைச் சேமிக்க 1.7 நொடி தேவை. சுரங்களை அனுப்பும் நிரல் இன்டரப்ட்டில் இருந்தால் அது பாதிக்கப்படாது. முதன்மைச் சுழலில் இருந்தால் சேமிக்கும் அந்தக் கணத்தில் இசை நின்றுபோகும். மாறிய பைட்டுகளை மட்டும், சுழலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாக எழுதுவது நல்லது. அந்த ஈப்ரோமின் ஒவ்வோர் இடமும் 1,00,000 முறை எழுதத் தாங்கும் என்பதால், குமிழ் அசையும்போதெல்லாம் எழுதுவதும் கூடாது.

மின்னழுத்தத்தால் இயங்கும் சின்தசைசருக்கு அனுப்புவதானால் எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் எம்சிபி4822 என்ற 12 பிட் டிஏசி பொருத்தமானது: 0 முதல் 4.095 வோல்ட் வரை, படிக்கு 1 மில்லிவோல்ட். அரைச்சுரத்துக்கு 83 படிகள் கிடைப்பதால் சுருதி சுத்தமாக இருக்கும். 5 வோல்ட்டுக்கு 8 பிட் டிஏசியை வைத்தால் ஒரு படியே 19.6 மில்லிவோல்ட், அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு; அது காதுக்கு உறுத்தும். நல்ல டிஏசி இருந்தும் சுருதி நடுங்குகிறது என்றால் எல்இடிகளின் கம்பிகளைப் பார்க்க வேண்டும். 16 எல்இடிகள் தலா 20 மில்லிஆம்பியர் இழுத்தால் 320 மில்லிஆம்பியர். அது டிஏசியின் கிரவுண்ட் கம்பி வழியே ஓடினால், விளக்குகள் மாறும்போதெல்லாம் சுருதியும் சில மில்லிவோல்ட் அசையும். இரண்டின் கிரவுண்டுகளையும் தனித்தனியே கொண்டுவந்து மின்வழங்கி அருகே மட்டும் சேர்க்க வேண்டும்.

எல்லாம் கட்டி முடித்தபின் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. கேட் வெளியீட்டை மின்தடைகளால் மட்டுப்படுத்தி, நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் பதிய வேண்டும். ஸ்விங் இல்லாமல் 120 வேகத்தில் ஒவ்வொரு படியும் ஒலித்தால், அடுத்தடுத்த துடிப்புகளின் விளிம்புகளுக்கு இடையே 6,000 மாதிரிகள் இருக்க வேண்டும். முதலில் கருவியைத் தொடாமல் ஒரு நிமிடம் பதிந்து இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு டெம்போவையும் ஸ்விங்கையும் தவிர மற்ற எல்லாக் குமிழ்களையும் திருப்பி, பேட்டர்ன்களை மாற்றி, சேமிப்புப் பொத்தானை அழுத்தி, திரையின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இன்னொரு நிமிடம் பதிய வேண்டும். இரண்டாம் பதிவின் இடைவெளிகள் முதல் பதிவினின்று ஓரிரு மாதிரிகளுக்கு மேல் விலகாதிருந்தால், அந்தப் பெட்டிக்குள் கையும் கடிகாரமும் சரியாகப் பிரிந்திருக்கின்றன. விலகினால், விலகிய கணத்தில் எந்தக் குமிழ் கையில் இருந்தது என்பதே நிரலில் எந்த வரிக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.